மார்த்தாள் இருக்கும் ஒருசந்தி

நான் பொய்யாக ஒருசந்தி இருந்தவள்.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... இரண்டு வருஷத்துக்கு மேல். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் நின்றுகொண்டு, "எனக்கு இன்றைக்கு ஒருசந்தி" என்று சொன்னேன். ஆண்டவருக்காகச் சொல்லவில்லை. எந்த நேர்ச்சையும் எனக்கு இல்லை. அந்தச் சோற்றை ஆக்கியவள் மார்த்தாள். மார்த்தாள் எந்தத் தெருக்காரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான்!

எழுதிவிட்டேன். வாய்க்கு வராதது கைக்கு வந்துவிட்டது.

நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்த முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு நின்றுபோகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து சொல்ல மாட்டாமல், அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு படித்ததெல்லாம் செபப் புத்தகமும், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வருகிற தாளும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

ஒருசந்தி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கிறிஸ்தவ வேதக்காரர் வழக்கில், ஒரு நாளைக்கு ஒரே வேளை மட்டும் உண்டு, மற்ற வேளையெல்லாம் பட்டினி கிடந்து வேண்டிக்கொள்வது. தபசு காலத்தில் இருப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றால் நேர்ந்துகொண்டும் இருப்போம். அதைக் கேலி செய்கிறவர் எங்களில் யாரும் இல்லை. ஒருசந்தி இருக்கிறவளை வற்புறுத்திச் சாப்பிட வைப்பவரும் இல்லை. அந்த மறைவில்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

நான் குடியிருப்பது நாகல் நகர்ப் பக்கம். எங்கள் தெருவில் ஒரு வெங்காயக் குடோன் உண்டு. எதிர்வீட்டு ஜெயராணி டீச்சருடைய தம்பிக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை லோடு வராது. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அந்தக் குடோனைக் கழுவி, பாய் விரித்து, ஒரு காரியத்தைத் தொடங்கினார். ஊரில் யாருக்கு என்ன நியாயம் கிடைக்காமல் கிடக்கிறதோ, அதற்கு எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகொடுப்பது. பந்திக் கூட்டம் என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது.

வாசலில் துணியால் மூடிய ஒரு அண்டா இருக்கும். வருகிறவர் துணிக்குள் கையை விட்டு முடிந்ததைப் போடலாம். ஒன்றும் இல்லாதவர் வெறுங்கையை விட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். யார் போட்டது, யார் போடாதது என்று யாருக்கும் தெரியாது. அந்த மாதம் உதவி கேட்டு வந்த இரண்டு பேர் எழுந்து நின்று தங்கள் குறையைச் சொல்வார்கள். பிறகு பந்தி. அண்டாவில் விழுந்தது யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சாப்பிட்டவர்கள் தீர்மானிப்பார்கள்.

எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் ஒரு புளியமுத்து இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவியதும் அதை ஒரு பானையில் போட வேண்டும். இரண்டு பானைகள். ஒன்றின் கழுத்தில் செவ்வந்திச் சரம், இன்னொன்றில் கோழிக்கொண்டைச் சரம். எந்தப் பானையில் முத்து அதிகமோ, அந்தக் குறைக்கு அந்த மாதம் கைகொடுப்போம். தோற்றவர் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம்.

இன்னொரு கட்டு உண்டு. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு மட்டும்தான் முத்து.

ஒரு முறை மண்டிக்காரர் ஒருவர் அவசரமாய் வந்தார். "டீச்சரம்மா, எனக்கு சோலி கெடக்கு. முத்தை மட்டும் குடுங்க, போட்டுட்டு ஓடிப் போறேன்" என்றார்.

"முத்து வேணும்னா உக்காருங்கண்ணே. கூட உக்காந்து திங்காதவுகளுக்கு இங்க ஓட்டுக் கெடையாது" என்றார் டீச்சர்.

"சோத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்ங்கிறீக!"

"சோத்துக்கு முன்னாடி இல்லண்ணே, பக்கத்துல."

எல்லோரும் சிரித்தார்கள். மண்டிக்காரர் உட்கார்ந்தார். இரண்டு தரம் ரசம் கேட்டு வாங்கினார். நானும் சிரித்தேன். ஓரமாய், இலைக்கட்டுக்குப் பின்னால் நின்று!

இலைதான் என் வேலை. கழுவுவது, போடுவது, தண்ணீர் ஊற்றுவது, முத்து வைப்பது. வாயைத் திறக்க வேண்டாத வேலை. டீச்சர் எனக்கென்றே பார்த்துக் கொடுத்தார். சமையல், மார்த்தாளும் அவளுடைய கூட்டாளிகளும். எல்லோரும் தெரு கூட்டுகிற பெண்கள். அதிகாலையில் எங்கள் தெருவைக் கூட்டுகிறவள் மார்த்தாள். எங்கள் கோயில்காரிதான். அதே பூசை, அதே சாமியார், நாக்கில் வாங்குகிற அதே நன்மை அப்பம். நான் நடுவில் உட்காருவேன், அவள் கடைசியில். யாரும் பிரித்து வைக்கவில்லை. எங்களுக்கே தெரியும்... அதுதானே கொடுமை!

முதல் மாதம் கடைசிப் பந்தியில் நானும் உட்காரத்தான் போனேன். சத்தியமாய்! மார்த்தாள் சோற்று வாளியோடு குனிந்தாள். நகம் ஒட்ட வெட்டின கை. சோப்புப் போட்டுச் சிவந்த கை. அந்தக் கை என் இலைக்கு மேல் வந்ததும் என் வயிறு இறுகிக்கொண்டது.

"அக்கா, சோறு வைக்கட்டா?"

அந்த அக்காவும் உறுத்தியது. அதுவரை பத்து வருஷமாய் என்னை அம்மா என்றவள். குடோனுக்குள் எல்லோரும் எல்லோருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கச்சி என்பது டீச்சர் கொண்டுவந்த வழக்கம்.

"இல்லம்மா... எனக்கு இன்னிக்கி ஒருசந்தி" என்றேன்.

மத்தியானம் வீட்டில் அயிரை மீன் குழம்பு வைத்து வயிறு முட்டத் தின்றிருந்தேன்.

அவள் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். ஓடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

"இந்த வயசுல இம்புட்டு பக்தியா அக்கா உங்களுக்கு! எனக்கெல்லாம் ஒரு வேளை பொறுக்காது."

யார் எனக்கு அந்த இறுக்கத்தைக் கற்றுத் தந்தது? என் அம்மா ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேலைக்காரப் பெண்களுக்குக் காப்பி ஊற்றும்போது அவள் கை கொஞ்சம் உயரப் போகும். அவ்வளவுதான். அந்த உயரத்தை நான் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். பழியை அம்மா மேல் போடவில்லை... எழுபது வயதில் என் கையை நானே தாழ்த்தியிருக்கலாமே! யார் பிடித்துக்கொண்டார்கள்?

அடுத்த மாதம் மார்த்தாள் எனக்கென்று தனியே கொண்டுவந்தாள். ஒரு தாளில் சுற்றி இரண்டு சிறுமலை வாழைப்பழம். சின்ன பிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பி.

"ராவுக்கு வெறும் வவுத்தோட படுக்காதீக. காப்பி குடிச்சா ஒருசந்தி முறியாதுன்னு சாமியாரைக் கேட்டுட்டேன்."

என் பொய்க்காக அவள் சாமியாரிடம் போய் நின்று கேட்டிருக்கிறாள்!

பழத்தைத் தின்றேன். தோல் இருக்கிறதே... காப்பியை, குடோனுக்குப் பின்னால் இருக்கும் முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்து ஊற்றினேன். பிளாஸ்க்கைக் கழுவிக் கொடுத்தபோது, "இனிப்பு சரியா இருந்துச்சாக்கா?" என்றாள். "ம்" என்றேன். மாதா மாதம் காப்பி வந்தது. மாதா மாதம் மரம் குடித்தது. அந்த மரத்துக் காயை டீச்சர் எனக்கும் கொடுத்தனுப்பினார். குழம்பு வைத்தேன். தொண்டையில் இறங்கியது! எப்படி இறங்கியது என்று இன்றுவரை விளங்கவில்லை.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, நான் இலை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏதோ நேர்ச்சைதானேக்கா? சொல்லக்கூடாதுன்னா சொல்ல வேணாம்."

தலையாட்டினேன்.

"பிள்ளைக்கா?"

தலையாட்டினேன்.

"அமலாவுக்கா?"

அதற்கும் தலையாட்டினேன். பொய் சொல்ல வாய்கூட எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அமலா என் ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. அந்தத் துக்கம் உண்மை. என் வீட்டில் பொய்யில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்து என் பொய்க்குப் போர்த்திவிட்டேன்.

மார்த்தாள் என் கையிலிருந்து கழுவின இலையை வாங்கி, தண்ணீரை உதறி அடுக்கினாள். போகும்போது, "ஆண்டவர் கண்ணத் தொறப்பாருக்கா" என்றாள்.

கோயில் திருவிழாவுக்கு அமலா வந்திருந்தாள். சப்பரம் புறப்படுகிற கூட்டத்தில் மார்த்தாள் அவளைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கவலப்படாத தாயீ. ஒங்கம்மா இருக்குற ஒருசந்தி வீண்போகாது." அமலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். என் மடியில் தலை வைத்து, "எனக்காகவாம்மா பட்டினி கெடக்க? ஏம்மா சொல்லவே இல்ல?" என்று அழுதாள். கல்யாணமாகிப் போன பிறகு அவள் என் மடியில் படுத்தது அன்றைக்குத்தான். நான் அவள் தலையைக் கோதிவிட்டேன்...

எனக்குச் சேராத பாசம். கூசாமல் வாங்கிக்கொண்டேன். கேட்கிறீர்களா, கூசாமல்!

இரண்டு வருஷம் ஓடியது. ஒரு மாதம், குறை சொல்ல மார்த்தாளே எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே பேசினாள்.

"நாங்க பதினாலு பொம்பளைக. விடியுமுன்ன வாரோம். பதினோரு மணிக்குத் தூக்குச்சட்டியத் தொறந்தா உக்கார எடமில்ல. மார்க்கெட்டுக்குப் பின்னால, குப்பை லாரி நிக்கிற எடத்துல, முதுகைத் திருப்பிக்கிட்டுத் திம்போம். மழை பேஞ்சா சோத்துக்குள்ள பேயும். ஒதுங்க எடமில்லன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. ஒரு யாவாரி அண்ணன், சும்மா கெடக்குற ரூம் ஒண்ணைத் தாரேன்னுட்டாரு. கதவு இல்ல, கொழா இல்ல, கக்கூஸ் இல்ல. அது மட்டும் போட்டுக் குடுத்தீகன்னா..."

கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பங்குனி வந்தா எனக்கு அறுவது. நிறுத்திப்புடுவாக. அதுக்குள்ள ஒரே ஒரு நா, அந்த ரூமுல கதவச் சாத்திட்டு, வேலைக்காரியா உக்காந்து சோறு திங்கணும்னு ஆசை. அம்புட்டுத்தான்."

அடுத்து எழுந்தவள் ஆயக்குடிப் பக்கத்துப் பெண். "ஏனுங்க, எங்க ஊருக்குப் போற பாதைய கொய்யாத் தோப்புக்காரர் வேலி போட்டு அடைச்சுப்போட்டாருங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சுத்திக்கிட்டு நடக்குதுங்க. கர்ப்பிணிப் பொண்ணைக்கூடக் கட்டிலோட தூக்கிட்டுப் போனமுங்க. கோர்ட்டுக்குப் போகோணும்" என்றாள். அதுவும் நியாயம்தான். இரண்டும் நியாயம். அப்படித்தான் எப்போதும் வரும்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பை நிரப்ப அடுப்புப் பக்கம் போனேன். தார்ப்பாய் மறைவுக்கு அந்தப் பக்கம் பேச்சியின் குரல். பேச்சி மார்த்தாளோடு கூட்டுகிறவள். வாய் கொஞ்சம் அதிகம்.

"ஏத்தா மார்த்தா, இன்னிக்காவது உக்காந்து ஒரு வாய் தின்னுடி. நம்ம பானைக்கு ஒரு முத்துக் கூடும்ல?"

"ரெண்டாம் ஞாயிறு. நான் மாட்டேன்."

"ஆத்தீ! ரூமு கேக்குறது இவ. முத்துப் போட மாட்டாளாம்! அந்த அக்கா மகளுக்குன்னு நீ எதுக்குடி ரெண்டு வருசமா வவுத்தக் கட்டிக்கிட்டுக் கெடக்க? ஆக்கினவ திங்க மாட்டேங்கிறா, என்னத்தக் கலந்தாளோன்னு சனம் பயப்படப் போகுது, பாரு."

"சத்தம் போடாத. அக்கா காதுல விழுந்தா சங்கடப்படும். வயசான மனுசி ஒத்தையில நேர்ந்துக்கிட்டு நிக்குதேன்னுதான் நானும் கூட இருக்கேன். ரெண்டு பேரு கேட்டா ஆண்டவருக்குக் காது கேக்கும்ல? எனக்குத் தண்ணி போதும்டி."

செம்பு நிரம்பி வழிந்து என் காலில் கொட்டியது.

இரண்டு வருஷம்! நான் மத்தியானம் தின்று, தூங்கி, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன். அவள் விடியலில் தெரு கூட்டி, பூசை கண்டு, மத்தியானத்திலிருந்து புகையில் வெந்து, ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரோடு நிற்கிறாள். என் ஒருசந்தியிலாவது ஒரு வேளைச் சோறு உண்டு. அவள் அதுவும் இல்லாமல் இருந்தாள்... எதற்கு? இல்லாத நேர்ச்சைக்கு!

"கடைசிப் பந்தி! சாப்பிடாதவுக யாராச்சும் இருந்தா வந்து உக்காருங்க!" டீச்சர் கூப்பிட்டார்.

பாயின் கோடியில் இரண்டு இலைகள் காலியாய்க் கிடந்தன. நான் போட்ட இலைகள். ஓரத்தில் நான் வைத்த முத்து, இலைக்கு ஒன்று.

உட்கார்ந்திருக்கலாம். "மார்த்தா, நேர்ச்சை ஒன்றும் இல்லை. வா, என் பக்கத்தில் உட்கார்" என்று சொல்லியிருக்கலாம். பத்து எட்டு நடந்தால் போதும். அந்தக் கணத்தில் என்னைத் தடுத்தது அவள் கையா? அது பாதி. இன்னொரு பாதி வெட்கம். உட்கார்ந்தால் எல்லோரும் கேட்பார்களே... பக்திக்காரி என்ற பெயர் போய்விடுமே! எந்தப் பாதி பெரியது என்று நூறு தடவை என்னையே கேட்டுவிட்டேன். ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மற்றது.

அந்த இரண்டு இலைகளையும் நானே மடித்து எடுத்தேன். இரண்டு முத்தையும் கிண்ணத்தில் திருப்பிப் போட்டேன்.

பானைகளைக் கவிழ்த்து, பாயில் இரண்டிரண்டாய் ஒதுக்கி எண்ணினார்கள். டீச்சர் மூன்று தரம் எண்ணினார். செவ்வந்திப் பானை மார்த்தாளுடையது. கோழிக்கொண்டைப் பானையில் ஒன்று அதிகம்.

ஒன்று! ஒரே ஒரு புளியமுத்து!

முதலில் கை தட்டியவள் மார்த்தாள். ஆயக்குடிப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கிடைக்காமப் போச்சுங்களே அக்கா" என்று கலங்கினாள். மார்த்தாள் சிரித்தாள். "அட, குப்பை எங்கத்தா ஓடிப்போகுது? அடுத்த வருசம் கேட்டாப் போச்சு. புள்ளைக மொதல்ல நேரா நடந்து போகட்டும்."

பிறகு அண்டா கழுவப் போனாள். அடுப்படியில் அவள் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. வெகு நேரம் ஒரே அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி வந்தது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் வரை அவள் குப்பை லாரிக்குப் பக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் தின்றாள்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, "பொய் சொன்னேன் சாமி" என்றேன். "வேற?" என்றார். "கோபப்பட்டேன்" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாய் இருந்தது. மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து வந்தேன். வாசலில் மார்த்தாள் என் செருப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். "முழங்கால் வலிக்குமேக்கா" என்று கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டேன். கையைப் பிடிக்க முடிகிறது... அந்தக் கையால் ஆக்கின சோறு மட்டும் என்ன செய்தது என்னை?

தோற்றதற்கு அடுத்த மாதமே உட்கார்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் திருந்தினவள் என்று நீங்கள் நினைப்பதற்காகச் சொல்லவில்லை. கேளுங்கள்.

கடைசிப் பந்தி. ஓரத்து இலை. மார்த்தாள் வாளியோடு வந்தவள் அப்படியே நின்றாள். அவள் கண் விரிந்தது.

"அக்கா! அமலாவுக்கு...? வவுத்துல நின்னுருச்சா?"

இல்லை என்று தலையசைத்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் முன்னால் குந்திவிட்டாள்.

"முடியலையாக்கா? தல கிறுகிறுங்குதா?"

பாருங்கள்... எனக்கான சாக்கையும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள்! நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன்!

"அதுக்கென்ன? எழுவது தாண்டியாச்சு. நீங்க தின்னுங்க. நேர்ச்சைய நான் பாத்துக்கிறேன். பாதியில விட்டா நல்லாருக்காது. அமலாவுக்கு ஒண்ணு பொறக்குற வரைக்கும் நான் இருக்கேன். நீங்க மனச விடாதீக." எழுந்தாள். "செத்த நேரம் பொறுங்க. நெய் எடுத்தாரேன்."

நெய் ஊற்றினாள். தட்டைப்பயற்றுக் குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம். தின்றேன். ருசியாய் இருந்தது. அதை மறைக்கக் கூடாது... இத்தனை ருசியாய் யாரும் எனக்கு ஆக்கிப் போட்டதில்லை. கண்ணில் நீர் ஒழுகியது. பசியாறின கண்ணீர் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிவிட்டாள்.

"மெதுவா தின்னுங்க. இன்னும் இருக்கு."

ஒரு வருஷம் கழித்துப் பேச்சி எழுந்து அதே அறையைக் கேட்டாள். செவ்வந்திப் பானை நிரம்பி வழிந்தது. என் முத்தும் அதில் உண்டு. அது எனக்கு ஆறுதலாகும் என்று நினைத்துத்தான் போட்டேன். ஆகவில்லை.

அறை எழும்பியது. நீலக் கதவு. குழாய். கக்கூஸ். சுவரை ஒட்டி நீள பெஞ்சு. தூக்குச்சட்டி மாட்டப் பதினாலு கொக்கி. அந்த மாதப் பந்தியை அங்கேயே, மத்தியானத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். இரண்டாம் ஞாயிறு! எனக்கு அப்போதே உறைத்தது. மற்ற யாருக்கும் அது தோன்றவில்லை.

"மார்த்தா அக்காதான் மொதல்ல உள்ள உக்காந்து திங்கணும்" என்றார்கள் எல்லோரும். பேச்சி அவளை இழுத்துக்கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தாள். இலை போட்டது நான்தான். சோறு, குழம்பு, வெஞ்சனம், அப்பளம், ஒரு லட்டு. "வேலைக்காரியா இல்லாட்டி என்னடி, நீ கேட்டு வந்த ரூமு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள் பேச்சி. மார்த்தாள் ஆசைப்பட்டபடியே, சாத்தின கதவு.

நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம். பிறகு மூடும் சத்தம்.

கதவு திறந்தது. வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தண்ணி நல்லா வருது. ரெண்டு செம்பு குடிச்சேன்."

"சோறு?" என்றாள் பேச்சி.

"ரெண்டாம் ஞாயிறுல்ல? விடு. கதவச் சாத்திட்டு உக்காந்து பாத்துட்டேன். அது போதும்."

பேச்சி அவளைத் திட்டவில்லை. கேலி பேசவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இருந்ததா, பதில் இருந்ததா... எனக்குத் தெரியாது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"மார்த்தா..." என்றேன். சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன். நம்புங்கள்!

"என்னக்கா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு எழவில்லை.

"என்னக்கா, பசிக்குதா?" என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்குப் போட்ட இலைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாள். "போட்ட இலை வீணாப் போகவேணாம். நேர்ச்சையில நாம ரெண்டு பேரும் ஒண்ணு. நீங்க தின்னா நான் தின்ன மாதிரிதான். கூச்சப்படுவீக, கதவச் சாத்திட்டுப் போறேன்."

சாத்திவிட்டுப் போனாள்.

நான் தின்றேன். அவள் கேட்ட அறையில், அவளுக்குப் போட்ட இலையில், சாத்தின கதவுக்குள். லட்டு உட்பட எல்லாவற்றையும் தின்றேன். மீதம் வைத்தால் அவள் வருத்தப்படுவாளே என்று தின்றேன்.

போன வாரம் அமலா போனில் பேசினாள். "இனிமே ஆசுபத்திரிக்கு அலையல்லம்மா. நாங்க மனசத் தேத்திக்கிட்டோம்" என்றாள். நாற்பது தாண்டிவிட்டது அவளுக்கு. இதை நான் மார்த்தாளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் விட்டுவிடுவாள் என்றா நினைக்கிறீர்கள்? இன்னும் ஒரு நாள் சேர்த்து இருப்பாள். எனக்குத் தெரியும். நேர்ச்சையே இல்லை என்று சொன்னால் மட்டும்தான் அவள் தின்பாள். அந்த ஒரு சொல் என்னிடம்தான் இருக்கிறது.

இதை எழுதுவதில் எனக்கு என்ன பெருமை? மார்த்தாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேனோ... இருக்கும். நீங்கள் வேண்டுமானால் படித்துக் காட்டுங்களேன் என்று ஒரு மனம் சொல்கிறது. ஐயோ, வேண்டாம் என்று இன்னொரு மனம் கையைப் பிடிக்கிறது.

நாளை மறுநாள் இரண்டாம் ஞாயிறு. இலைக்கட்டு வந்துவிட்டது. புளியமுத்தைக் கழுவி முறத்தில் உலர்த்தியிருக்கிறேன். தட்டைப்பயறு வறுபடுகிற வாசனை தெரு வரைக்கும் வரும். கடைசிப் பந்தியில் நான் உட்காருவேன். மார்த்தாள் வாளியோடு குனிந்து, "சோறு வைக்கட்டாக்கா?" என்று கேட்பாள். குரலில் பட்டினி தெரியாது.

நான் தலையாட்டுவேன்.